புதுச் சட்டியும் புதுக் கடலும்

(பள்ளி அறிவியல் கழகத்தின் கட்டுரை)



நம் பள்ளி நூலக அறையின் சுவரோரம் நிற்கும் கண்ணாடித் தொட்டியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அதில் இருப்பது குழாய் நீரன்று, கடல்நீர். அதில் நீந்தும் இரண்டு கோமாளி மீன்களும் கடல் மீன்களே. கடலுக்குத் தொலைவில், செம்பனை மரங்களின் நடுவே இருக்கும் நம் பள்ளியில் கடல்மீன் எவ்வாறு வாழ்கிறது என்று பலர் எங்களிடம் கேட்டனர். அவசரத்தில் ஓரிரு சொற்களில் விடை கூறி அனுப்பிவிட்டோம். அவ்விடைகளை முறையாக எழுதி வைக்கவே இக்கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். இப்போது இருக்கும் மீன்கள் இத்தொட்டியின் முதல் மீன்கள் அல்ல. முதலில் வந்த ஐந்து மீன்களும் ஆறு நாட்களுக்குள் இறந்தன. அவற்றைக் கொன்றவர்கள் நாங்களே.

நடந்தது இதுதான். தொட்டி வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்த வாரக் கடைசியில் பரிசளிப்பு விழா. வருகின்ற பெருமக்களுக்கு மீன் நீந்தும் தொட்டியைக் காட்ட வேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு. நன்னீரில் பொன்மீன் வளர்த்துப் பழகிய துணிவும் இருந்தது. சனிக்கிழமை உப்பைக் கரைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நீர் பளிங்கைப் போலத் தெளிந்து நின்றது. திங்கட்கிழமை மூன்று நீல மீன்களையும் இரண்டு கோமாளி மீன்களையும் வாங்கி வந்து உள்ளே விட்டோம். புதன்கிழமை அவை உணவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளிக்கிழமை இரண்டு மீன்கள் போயின. சனிக்கிழமை காலையில் மற்ற மூன்றும் போயின. அன்று மாலை விழாவில் தொட்டியைத் துணியால் மூடி வைத்தோம்.

இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் செத்துப் போயின?" என்று கேட்டாள். அன்று எங்களால் விடை கூற முடியவில்லை.

அவளுக்குரிய விடையை இப்போது கூறுவோம். நீரின் தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஒன்று அந்தத் தெளிந்த நீரில் கலந்திருந்தது. அதன் பெயர் அமோனியா.

பால் வெட்டிப் பழகிய தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் அமோனியாவைப் பற்றி நாம் கூற வேண்டியதில்லை. மரத்துப் பால் கொட்டகைக்கு வந்து சேரும் முன் உறைந்து போகாமலிருக்க அதில் சில சொட்டு ஊற்றுவார்களே, மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீரை வரவழைக்குமே, அதுவே அது. ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்ட இந்நாளிலும் அந்த நெடியை மறந்த தோட்டத்து முதியவர் எவரும் இரார். அதே பொருளை மீன் தன் செவுள்களின் வழியே நாள்தோறும் கழிவாக வெளியேற்றுகிறது. உண்ணாமல் விட்ட இரையும் அழுகி அமோனியாவைத் தருகிறது. பரந்த கடலில் இது ஒரு பொருட்டன்று. ஆனால் நூற்றைம்பது லிட்டர் நீருக்குள் அடைபட்ட மீனுக்குத் தப்பிச் செல்ல இடமேது? தான் கழித்த நஞ்சையே அது மூச்சாக உள்ளே இழுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் கூட வேண்டியதில்லை. அதில் ஒரு சிறு பகுதியே செவுளைப் புண்ணாக்கப் போதும். நன்னீரைவிடக் கடல்நீர் காரத்தன்மை மிகுந்தது. காரமும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். பொன்மீன் பிழைத்துக் கொண்ட இடத்தில் கோமாளி மீன் மாண்டதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர்கள் எல்லாரும் எவ்வாறு வளர்க்கிறார்கள்? அங்கேதான் கண்ணுக்குப் புலப்படாத வேலையாட்கள் வருகின்றனர். அவர்கள் நுண்ணுயிர்கள். ஒரு வகை நுண்ணுயிர் அமோனியாவை உண்டு அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு, அளவு மிகாதவரை மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை; நம் செம்பனைக்கு இடும் உரத்தில் இருக்கும் சத்துகளுள் அதுவும் ஒன்று. இந்த வேலையாட்கள் கூலி கேட்பதில்லை. அவர்கள் கேட்பன இரண்டு: ஒட்டிக் கொண்டு வாழ ஓர் இடம்; மூச்சுக்கு நீரில் கரைந்த உயிர்வளி.

இவ்வுண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பது சுவையான வரலாறு. 1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான சுலோசிங், முன்ட்சு ஆகிய இருவரும் ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறக்கினர். இருபது நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. மேலே சென்ற அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகே நைட்ரேட்டு தோன்றலாயிற்று. சில நாட்களில் அமோனியா முழுவதும் மறைந்தது. குளோரோபாரம் ஆவியை உள்ளே செலுத்தியதும் அம்மாற்றம் நின்று போயிற்று. மயக்க மருந்துக்கு மயங்குவது உயிருள்ள பொருளாகத்தானே இருக்க வேண்டும்? மணலில் இருப்பது உயிர் என்று அவர்கள் முடிவு கட்டினர். பின்னர் 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்சுகி என்னும் உருசிய அறிஞர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து, வேலை இரு வகையினருக்குள் பங்கிடப்பட்டிருப்பதையும் காட்டினார். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று பழைய நூல்கள் கூறும். 1998இல் வெளியான ஆய்வுகள், மீன்தொட்டிகளில் அவ்வேலையைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு நுண்ணுயிர் என்று காட்டின.

அந்த இருபது நாட்களை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். மணல் இருந்தது, நீர் இருந்தது, உணவும் இருந்தது. ஆயினும் வேலை தொடங்க இருபது நாட்கள் ஆயின. பழஞ்சோற்றைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் ஓரிரு மணி நேரத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும். நம் தொட்டியின் வேலையாட்களுக்கோ ஒன்று இரண்டாக அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலுமோ ஆகும். நாங்கள் கொடுத்ததோ இரண்டே நாட்கள்!

நம் வீட்டுத் தாய்மார்கள் புது மண்சட்டி வாங்கினால் அன்றே அதில் மீன்குழம்பு வைப்பதில்லை அல்லவா? அரிசி கழுவிய நீரையோ வடித்த கஞ்சியையோ நாட்கணக்கில் ஊற்றி வைத்துப் பழக்குகிறார்கள். பழக்காத சட்டி விரிசல் விடும். புதுத் தொட்டியும் அத்தகையதே. எனவே மீன் விடுவதற்கு முன் தொட்டிக்குள் நுண்ணுயிர்களைப் பெருக்கும் இவ்வேலையை 'நீரைப் பழக்குதல்' என்று எங்கள் கழகத்தில் பெயரிட்டு அழைக்கிறோம். சட்டிக்குச் சில நாள் போதும். தொட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம். ஏறத்தாழ ஒரு மண்டலம் என்று வைத்துக் கொள்ளலாம்.

இனி இரண்டாம் முறை நாங்கள் செய்ததைக் கூறுவோம்.

தொட்டியின் நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 45. கணக்கில் வல்ல மாணவர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்: 182 லிட்டருக்குச் சற்று மேல் வரும். மணலும் கல்லும் இடம் பிடித்துக் கொள்ள, மேலே விளிம்பும் விட்டால், உண்மையில் நிற்கும் நீர் நூற்றைம்பது லிட்டர்தான். சிறிய தொட்டி எளிது என்று எண்ணாதீர்கள். நீர் குறையக் குறைய நஞ்சு விரைவில் ஏறும்; வெப்பமும் உப்பும் விரைவில் மாறும். கற்றுக்குட்டிக்குப் பெரிய தொட்டியே எளிது. ஆனால் எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோவைத் தாண்டும் ஆதலால், பழைய வாசிப்பு மேசையின் மேல் வைக்கலாம் என்னும் எண்ணத்தைக் கைவிட்டு, தச்சு வேலை தெரிந்த ஒரு தந்தையார் செய்து கொடுத்த கனத்த மரத்தாங்கியின் மேல் வைத்தோம்.

நீரைப் பற்றிப் பலரும் கேட்டது: "தஞ்சோங் கிளிங்கிலும் பெங்காலான் பாலாக்கிலும் கடல் இருக்க, உப்பை ஏன் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்?" நியாயமான கேள்வியே. 1909ஆம் ஆண்டில் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்றைத் திறந்தபோது, அதைக் கடலை அடுத்தே கட்டினார்கள். ஆனால் மலாக்கா நீரிணை ஒரு குறுகிய கடல். மலாக்கா ஆறும், வடக்கே லிங்கி ஆறும், தெற்கே கேசாங் ஆறும் சேற்றையும் நன்னீரையும் அதில் கொண்டு வந்து கலக்கின்றன. மழைக்காலத்தில் கரையோரத்து நீரின் உப்பு குறைந்து விடும். உலகில் மிகுதியான கப்பல்கள் செல்லும் வழிகளுள் அதுவும் ஒன்று. எண்ணெயும் கழிவும் இருக்கக் கூடும். ஆகவே குளோரின் நீக்கிய நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைப்பதே பாதுகாப்பு.

சமையல் உப்பு போதாதா என்று கேட்டார் ஒரு பாட்டி. போதாது பாட்டி! கடல்நீரில் சோடியமும் குளோரைடும் மட்டுமின்றி மெக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் உள்ளன. குழம்புக்கு உப்பு போதும். மீனுக்குக் கடல் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம் கலவை எடுத்து, தொட்டிக்குள் மீன் இருக்கும்போது கொட்டாமல், தனிப் பீப்பாயில் கரைத்து ஓர் இரவு சுழல விட வேண்டும். நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி 1.025 என்னும் கோட்டருகே நின்றால் சரி.

கற்களைப் பற்றி நம் அண்டை நாட்டவர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் ஒட்டியிருக்கும் கடற்கற்களைத் தொட்டியில் அடுக்கி, வெறும் காற்றுக் குமிழிகளைக் கொண்டே கடலுயிர்களை வளர்த்துக் காட்டினார். அம்முறையை 1961ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பெரிய வடிகட்டிகளை நம்பியிருந்த மேலை நாட்டார் அம்முறையைப் பின்னாளில் விரும்பி ஏற்றனர். துளைகள் நிறைந்த அக்கற்களே நுண்ணுயிர்கள் குடியிருக்கும் லயம் என்று கூறலாம். ஒரு கல்லுக்குள் ஓராயிரம் வீடுகள். ஆனால் இன்று நாம் கடலிலிருந்து உயிர்க்கல்லையோ பவளத்தையோ பெயர்த்து வருதல் ஆகாது. நம் நாட்டுக் கடற்பூங்காக்களில் அது 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றமுமாகும். நாங்கள் உலர்ந்த வெற்றுக் கற்களையே வாங்கி அடுக்கினோம். வெற்றுக் கல்லில் குடியேற யார் வருவார்? பாலுக்கு உறை ஊற்றுவது போல, நன்கு பழகிய வேறொரு தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஈர மணலை வாங்கி வந்து சேர்த்தோம். மணல் தந்தவரின் தொட்டியில் நோய் இல்லை என்பதைக் கேட்டறிந்த பின்னரே வாங்கினோம்.

காற்றோட்டம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1846ஆம் ஆண்டில் ஆன்னா தைன் என்னும் ஆங்கிலேய அம்மையார் பவள உயிர்களைக் கடற்கரையிலிருந்து இலண்டன் நகருக்குக் கொண்டு வந்தார். அக்காலத்தில் மின்விசைக் கருவி ஏது? திறந்த சன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றும் வேலை அவர் வீட்டுப் பணிப்பெண்ணுடையது. நாம் தேநீர் ஆற்றுகிறோமே, அதுபோல! அவ்வுயிர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அம்மையாரின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஆற்றியவளின் பெயரை நாங்கள் படித்த எதிலும் காணோம். இன்று அவ்வேலையை ஒரு சிறு மின்பம்பு செய்கிறது. தோட்டத்து எஞ்சின் மாலையில் சில மணி நேரமே மின்சாரம் தந்த நாட்களில் இப்படியொரு தொட்டியை எண்ணிப் பார்க்கவும் முடியாது. பம்பு நெடுநேரம் நின்றால் மீன் மட்டுமன்று, நுண்ணுயிர்களும் மூச்சுத் திணறி மடியும்.

எல்லாம் அமைந்த பின் நீரைப் பழக்கத் தொடங்கினோம். மீன் இல்லாத தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு உணவு வேண்டுமே! சமைக்காத ஓர் இறாலை மெல்லிய துணியில் கட்டித் தொங்க விட்டோம். அது அழுகி அமோனியாவைத் தரும். பால் கொட்டகையில் பயன்படும் அமோனியாவைக் கொண்டு வரட்டுமா என்று அன்பர் ஒருவர் கேட்டார். அதன் கடுமையைக் கருதியும், அதில் வேறு மருந்துகள் கலந்திருக்கக் கூடும் என்பதாலும் வேண்டாம் என்று மறுத்தோம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை நீரைச் சோதித்துக் குறிப்பேட்டில் வண்ணம் தீட்டினர். சோதனை மருந்தை விட்டால் அமோனியா இல்லாத நீர் மஞ்சளாக இருக்கும், இருந்தால் பச்சையாகும். முதல் வாரக் கடைசியில் பச்சை வந்தது. இரண்டாம் வாரத்தில் கரும்பச்சை. அறைக்குள் இறாலின் நாற்றம் வேறு! நூலகத்தில் படிக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு ஓடினர். இறாலை எடுத்தெறிந்தோம். மூன்றாம் வாரத்தில் பச்சை வெளிறிற்று, மாணவர்கள் கைதட்டினர். ஆனால் நைட்ரைட்டுச் சோதனைக் குழாய் ஊதாவாக மாறிற்று. முதல் வேலையாட்கள் வந்துவிட்டனர், இரண்டாமவர் இன்னும் வரவில்லை என்பது இதன் பொருள். கடல்நீரிலுள்ள குளோரைடு நைட்ரைட்டின் நஞ்சை ஓரளவு தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் முன்பு பட்ட அடி எங்களுக்கு நினைவில் இருந்தது. காத்திருந்தோம்.

நான்காம் வாரத்தில் மணலின் மேலும் கண்ணாடியின் மேலும் பழுப்பு நிறப் பொடி படர்ந்தது. தொட்டி கெட்டுவிட்டதென்று பலர் வருந்தினர். அது டயட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டியில் வருவதும் சில வாரங்களில் தானே குறைவதும் இயல்பு. நீர் தெளிவாக இருந்த நாளில் மீன் மாண்டது. நீர் அழுக்காகத் தோன்றிய நாளில் தொட்டி வாழத் தகுதி பெற்று வந்தது. இதை அந்த இரண்டாம் ஆண்டுச் சிறுமியிடம் கூறியபோது அவள் எங்களை ஐயத்துடனேயே பார்த்தாள்.

ஆறாம் வாரத்தில் ஒரு நாள் இரண்டு குழாய்களும் ஒருசேர நஞ்சில்லை என்று காட்டின. நைட்ரேட்டுக் குழாய் மட்டும் செந்நிறமாயிற்று. ஆயினும் உடனே மீன் வாங்கவில்லை. மீண்டும் சிறிது அமோனியா உப்பை இட்டு, மறுநாளே அது மறைகிறதா என்று பார்த்தோம், மறைந்தது. அதன் பின் நீரில் பாதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்தோம். வேலை செய்ய வந்த நத்தைகள் நான்கை முதலில் விட்டோம். இரண்டு வாரம் கழித்தே இரண்டு சிறு கோமாளி மீன்கள் வந்தன. வாங்கி வந்த பையின் நீரோடு தொட்டி நீரைச் சிறுகச் சிறுகக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்கிய பிறகே அவற்றை இறக்கினோம்.

இம்மீன்கள் கடலில் பிடிக்கப்பட்டவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் கலை இன்று பல நாடுகளில் உண்டு. தமிழ்நாட்டில் இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள மண்டபத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதில் வெற்றி கண்டுள்ளனர். சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் தென்கிழக்காசியக் கடல்களில் இருந்து வருவதால், மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

நம் ஊர் வெயிலும் ஒரு தொல்லையே. நீர் 25 முதல் 27 பாகை வெப்பத்தில் இருப்பது நலம். நண்பகலில் நூலக அறையோ முப்பதைத் தாண்டும். நீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு விசிறியை வைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது; மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. ஆனால் விசிறி வைத்த பின் நீர்மட்டம் நாள்தோறும் ஒரு விரற்கடை இறங்குகிறது.

இதற்காகவே தொட்டியின் பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு கோடு இட்டுள்ளோம். ஆண்டிறுதி விடுமுறையில் இரை போடும் பொறுப்பை அருகிலுள்ள மாணவர் மூவர் ஏற்றுள்ளனர். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, அதற்கு மேல் இல்லை. கோட்டிற்குக் கீழே நீர் இறங்கினால் ஊற்றுமாறு ஜாகா அண்ணனிடம் கூறியுள்ளோம். "ஒவ்வொரு முறையும் எவ்வளவு உப்பு போட வேண்டும் சார்?" என்று அவர் கேட்டார். உப்பு போட வேண்டியதில்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது என்று விளக்கினோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, குளோரின் நீக்கிய நல்ல நீர் நிறைந்த வாளியைத் தொட்டியின் அருகிலேயே மூடி வைத்துக் கொண்டார்.